அந்தக் கம்பெனிக்குச் சொந்த ஊர் எது?

2024 பிப்ரவரி, ஒரு திங்கட்கிழமை காலை. மதுரைப் பக்கம் கப்பலூர் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்க்கும் ரப்பர் யூனிட்டில் பிரஸ்கள் சூடேறிக்கொண்டிருந்தன. மெயிலைத் திறந்தேன். பதினோரு வருடமாக எங்களிடம் கேஸ்கெட்டும் ஓ-ரிங்கும் (வண்டிகளில் கசிவைத் தடுக்கிற ரப்பர் பாகங்கள்) வாங்கிக்கொண்டிருந்த ஐரோப்பியக் கம்பெனி, அந்த வருடக் கடைசியோடு நிறுத்திக்கொள்வதாக எழுதியிருந்தது. தரத்தில் குறை சொல்லவில்லை. விலையைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. இனி இந்த உருப்படிகளைத் தங்கள் பிராந்தியத்துக்குள்ளேயே வாங்கிக்கொள்ளப் போவதாக ஒரு வரி, அப்புறம் நன்றி.

முதலாளியிடம் தமிழில் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "உலகம் பூரா யாவாரம் பண்றவய்ங்கன்னுதானம்மா சொன்னாய்ங்க?"

அப்படித்தான் சொன்னார்கள். 2013ல் முதன்முதலாக எங்கள் யூனிட்டைப் பார்க்க வந்தபோது, மடிக்கணினியில் உலக வரைபடத்தைக் காட்டினார்கள். எல்லாக் கண்டத்திலும் சிவப்புப் புள்ளிகள். அதைப் பார்த்துவிட்டுத்தான் அண்ணன் (முதலாளியை நாங்கள் எல்லோரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம்) கடன் வாங்கி இரண்டு பிரஸ் புதிதாகப் போட்டார். உலகம் முழுக்கக் கால் வைத்திருப்பவன் ஒரு இடத்தில் சறுக்கினாலும் இன்னொரு இடத்தில் நிற்பான் என்று நம்பினார். நானும் நம்பினேன்.

அன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அந்தக் கம்பெனியின் ஆண்டறிக்கையை இறக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இத்தனை வருடம் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில் எல்லாம் நான்தான் போட்டேன். ஆனால் ஒருமுறைகூட அந்த அறிக்கையைத் திறந்ததில்லை. முன்பக்கங்களில் அதே வரைபடம், அதே புள்ளிகள். கிட்டத்தட்டக் கடைசியில், கணக்குக் குறிப்புகளுக்கு நடுவே, பொடி எழுத்தில் ஒரு அட்டவணை இருந்தது. எந்தப் பகுதியிலிருந்து எவ்வளவு விற்பனை என்ற கணக்கு. பத்து ரூபாயில் ஏழு ரூபாய்க்கு மேல் ஐரோப்பாவிலிருந்து வந்திருந்தது. ஆசியா முழுவதும் சேர்ந்து ஒரு ரூபாய்கூட இல்லை.

நம் பக்கம் புதிதாக ஒருவரைப் பார்த்தால் முதலில் கேட்பது "உங்களுக்கு எந்த ஊர்?" என்றுதான். பேர்கூட அப்புறம்தான். சென்னையில் இருபது வருடம் இருந்தவரிடமும் "சொந்த ஊர் எது?" என்று கேட்போம். ஒரு கம்பெனியிடம் அந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

அதன்பிறகு இதைப்பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். ஆலன் ருக்மன், அலைன் வெர்பெக் என்ற இரண்டு பேராசிரியர்கள் 2004ல் வெளியிட்ட ஒரு ஆய்வு கண்ணில் பட்டது. உலகின் மிகப்பெரிய 500 நிறுவனங்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றில் 380க்குத்தான் பகுதிவாரி விற்பனைக் கணக்கு கிடைத்தது. வட அமெரிக்கா, ஐரோப்பா, ஆசியா என உலகை மூன்றாகப் பிரித்து, 2001ஆம் ஆண்டு விற்பனையைப் போட்டுப் பார்த்தார்கள். 380ல் 320 நிறுவனங்கள் பாதிக்கு மேல் தங்கள் சொந்தப் பகுதியிலேயே விற்றிருந்தன. அந்த 320ன் சராசரியை எடுத்தால், நூறு ரூபாயில் 80 ரூபாய் வீட்டுப் பக்கத்திலேயே வந்தது. இரண்டு பகுதிகளில் வலுவாகக் கால் ஊன்றியவை 25. தங்கள் ஊரைவிட இன்னொரு பகுதியில் அதிகம் விற்றவை 11. மூன்று பகுதிகளிலும் குறைந்தது 20 சதவீதம், எந்த ஒரு பகுதியிலும் 50 சதவீதத்துக்குக் கீழே என்ற கணக்கில் தேறியவை வெறும் ஒன்பது: ஐபிஎம், சோனி, பிலிப்ஸ், நோக்கியா, இன்டெல், கேனன், கோககோலா, ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸ், எல்.வி.எம்.எச்.

இதைப் படித்தபோது எனக்கு உண்மையாகவே கோபம் வந்தது. எத்தனை வருடமாக "உலகமயம்" என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆதரித்தோம், எதிர்த்தோம், மேடை போட்டுப் பேசினோம். இந்த அட்டவணையை யாராவது எடுத்துக் காட்டியிருந்தால் பேச்சே வேறு மாதிரி இருந்திருக்கும்.

அந்த 380ல் அமெரிக்கச் சில்லறைக் கடைக் கம்பெனியான வால்மார்ட் எங்கே இருந்தது தெரியுமா? 2001ல் அதன் விற்பனையில் 94 சதவீதம் வட அமெரிக்காவில். இன்றைக்கும் அமெரிக்காவில் மட்டுமே 80 சதவீதத்துக்கு மேல் விற்கிறது. ஜெர்மனிக்கு 1997ல் போனது. அமெரிக்காவில் செய்ததுபோலவே வாசலில் ஆள் நிறுத்தி வரவேற்றது, ஊழியர்களைச் சிரிக்கச் சொன்னது. அந்த ஊர் ஜனங்களுக்கு அது ஒட்டவில்லை, உள்ளூர் மலிவு விலைக் கடைகளோடு போட்டி போடவும் முடியவில்லை. 2006ல் கடைகளை விற்றுவிட்டுத் திரும்பியது. அதே வருடம் தென் கொரியாவிலிருந்தும் வெளியேறியது. கடை என்பது அக்கம்பக்கத்தைப் புரிந்துகொள்ளும் தொழில். கீழமாசி வீதியில் மளிகை யாவாரம் செய்கிற எவருக்கும் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

ருக்மன் கணக்கை எல்லோரும் ஒத்துக்கொண்டதாக நினைக்க வேண்டாம். 50, 20 என்ற கோடுகளை யார் கிழித்தது என்று கேட்டவர்கள் உண்டு. மெல்போர்ன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் இருவர் 2008ல் அந்த அளவுகோலைக் கொஞ்சம் தளர்த்திப் பார்த்து, அப்படிச் செய்தால் உலக நிறுவனங்களின் எண்ணிக்கை கணிசமாகக் கூடுகிறது என்று காட்டினார்கள். நியாயமான கேள்விதான். அமெரிக்கா போன்ற பெரிய சந்தையில் பிறந்த கம்பெனிக்கு வீட்டுக் கணக்கு தானாகவே பெரிதாக நிற்கும் என்பதும் சரி. காலமும் மாறியிருக்கிறது. ஆப்பிளின் 2023 நிதியாண்டுக் கணக்கைப் பார்த்தேன். அமெரிக்கக் கண்டங்கள் 42 சதவீதம், ஐரோப்பா 25, சீனா ஜப்பான் உள்ளிட்ட ஆசியப் பகுதிகள் 33. ருக்மன் அளவுகோலை அப்படியே வைத்தாலும் தேறிவிடுகிறது. ஒரு விஷயம், ஆப்பிள் தன் கணக்கில் "ஐரோப்பா" என்று எழுதுவதற்குள் இந்தியாவும் மத்தியக் கிழக்கும் ஆப்பிரிக்காவும் அடங்கும். டவுன்ஹால் ரோட்டில் ஒருவர் ஐபோன் வாங்கினால் அது ஐரோப்பிய விற்பனை! பகுதி என்பதைக் கம்பெனி தன் வசதிக்கு வரைந்துகொள்கிறது. அதனால் அட்டவணையைப் பார்க்கும்போது கீழே இருக்கும் குறிப்பையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இருந்தாலும் அந்த ஆய்வின் அடிப்படை அசையவில்லை என்றே நினைக்கிறேன். அந்த ஒன்பதில் நோக்கியாவும் ஃப்ளெக்ஸ்ட்ரானிக்ஸும் நம் ஸ்ரீபெரும்புதூருக்கே வந்தன. நோக்கியா ஆலை 2006ல் திறந்தது. தென் மாவட்டங்களிலிருந்தும் எத்தனையோ பெண் பிள்ளைகள் அங்கே வேலைக்குப் போனார்கள். கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்றபோது, வரி வழக்கில் சிக்கியிருந்த இந்த ஆலை மட்டும் அந்த விற்பனையில் சேரவில்லை. 2014 நவம்பரில் மூடினார்கள். உலகத்துக்கே பொதுவானதாகத் தேறிய கம்பெனிக்கும் கடைசியில் சொந்த ஊர் ஃபின்லாந்துதான்.

கோககோலா கதை இன்னும் விஷயமுள்ளது. 1977ல் இந்தியாவை விட்டுப் போனது, 1993ல் திரும்பி வந்தது. வந்த கையோடு, அது இல்லாத காலத்தில் பார்லே கம்பெனி உருவாக்கியிருந்த தம்ஸ் அப்பை விலைக்கு வாங்கியது. இன்றுவரை இந்தியாவில் அதன் பெரிய சரக்குகளில் ஒன்று தம்ஸ் அப். கோககோலா உலகம் முழுவதும் இருப்பது மெய். ஆனால் இங்கே நிற்பதற்கு இங்கே பிறந்த ஒரு சுவை வேண்டியிருந்தது. 2017 ஜனவரியில் அலங்காநல்லூரிலும் தமுக்கத்திலும் ஜல்லிக்கட்டுக்காக இளைஞர்கள் உட்கார்ந்தபோது அங்கேயே பேசத் தொடங்கினார்கள், பெப்சி கோக் வேண்டாம் என்று. மார்ச் 1 முதல் விற்க மாட்டோம் என்று வணிகர் சங்கங்கள் அறிவித்தன. அந்த வாரம் எங்கள் தெருமுனைப் பெட்டிக்கடையில் பொவன்டோ தவிர வேறு கலர் இல்லை. 1916ல் விருதுநகரில் பழனியப்ப நாடார் தொடங்கிய காளிமார்க்கின் பொவன்டோ. நாளாக ஆகப் பெரிய கம்பெனிகளின் பாட்டில்களும் கடைக்குத் திரும்பின. ஆனாலும் நூறு வருடத்துக்கு மேல் ஒரு வட்டாரத்துக்குள் வேரோடி நிற்கும் கம்பெனிக்கு என்ன பலம் இருக்கிறது என்று அப்போதுதான் கண்ணால் பார்த்தேன்.

சரி, ஏன் எல்லாம் பக்கத்திலேயே சுருங்குகிறது? எங்கள் கேஸ்கெட்டை வைத்தே சொல்கிறேன், எனக்குத் தெரிந்தது அதுதான்.

கப்பலூரிலிருந்து சரக்கு லாரியில் தூத்துக்குடி போகும். அங்கே கன்டெய்னரில் ஏறி, சின்னக் கப்பலில் கொழும்பு போய், அங்கே பெரிய கப்பலுக்கு மாறும். செங்கடல், சூயஸ் கால்வாய் வழியாக ஐரோப்பா. எல்லாம் சரியாக நடந்தால் ஐந்து வாரத்தில் அவர்கள் கிடங்கில் இருக்கும். ஒரு லாட்டில் பிசிறு சரியாக எடுபடவில்லை என்று அங்கே கண்டுபிடித்தால், அதே தவறோடு இன்னும் இரண்டு லாட் கடலில் மிதந்துகொண்டிருக்கும். 2019ல் எங்களுக்கு அப்படி ஒன்று நடந்தது. மோல்டைச் சரிசெய்ய ஒரு நாள் போதுமாயிருந்தது. ஆனால் கடலில் இருந்த சரக்கை அங்கே ஆள் வைத்துப் பொறுக்கியெடுக்கக் கொடுத்த கூலி, அந்த மூன்று மாத லாபத்தைத் தின்றுவிட்டது.

2023 டிசம்பரில் செங்கடலில் கப்பல்கள்மீது தாக்குதல் அதிகமானதும், கப்பல் கம்பெனிகள் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின. பத்து நாளிலிருந்து இரண்டு வாரம் வரை கூடுதல். வாடகை எகிறியது. எங்களுக்கு அந்த மெயில் வந்தது அதற்கு அடுத்த இரண்டாம் மாதம். எங்களுக்குப் பதிலாக இப்போது சரக்கு கொடுப்பவர் போலந்தில் இருப்பதாகப் பிறகு தெரிந்தது. லாரியில் ஏற்றினால் ஓரிரு நாளில் இறக்கிவிடலாம். எல்லையில் சுங்கம் கிடையாது. தகராறு என்றால் காலையில் கிளம்பி நேரில் போய்ப் பேசிவிட்டுத் திரும்பலாம். எங்களோடு பேச அவர்கள் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும், விசா வாங்க வேண்டும், வழக்கென்றால் எந்த ஊர்ச் சட்டம் என்று யோசிக்க வேண்டும். எங்கள் விலை குறைவுதான். ஆனால் தூரத்துக்கும் ஒரு விலை உண்டு, அது எங்கள் கொட்டேஷனில் வராது. அந்தக் கணக்கை அவர்கள் போட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. நாங்கள் போடாமல் இருந்ததுதான் வருத்தம்.

மதுரைப் பக்கத்துக்கு இந்தப் பாடம் புதிதில்லை என்பது யோசிக்க யோசிக்கத் தெரிந்தது.     

என்னை அதிகம் யோசிக்க வைத்தவர்கள் காரைக்குடிப் பக்கத்து நகரத்தார், அதாவது வட்டித்தொழில் செய்த நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள். என் அம்மாவின் ஊர் திருப்பத்தூர், சிவகங்கைத் திருப்பத்தூர். சின்ன வயதில் லீவுக்குப் போனால் கானாடுகாத்தான் வீடுகளை வேடிக்கை பார்க்கக் கூட்டிப்போவார்கள். பர்மா தேக்குத் தூண்கள், இத்தாலி சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி. இவர்கள் உலகம் முழுவதும் தொழில் செய்தார்கள் போல என்று நினைத்துக்கொள்வேன். அப்படியில்லை. சாமான் வாங்கியதுதான் உலகம் முழுவதிலிருந்தும். தொழில் செய்தது இலங்கை, பர்மா, மலேயா, சிங்கப்பூர், சைகோன். வங்கக் கடலையும் அதற்கு அடுத்த தென்கிழக்கு ஆசியக் கடற்கரைகளையும் விட்டு அவர்கள் பெரும்பாலும் தூரம் போகவில்லை. அப்படிக் கடல் தாண்டித் தொழிலுக்குப் போவதற்குக் "கொண்டுவிக்கப் போவது" என்று பெயர். பெட்டியடிப் பையனாகப் போய், அடுத்தாளாகி, மேலாளாகி, ஒரு கணக்கு முடித்து மூன்று வருடத்தில் ஊர் திரும்புவார்கள். ரங்கூனில் கொடுத்த கடனுக்குக் காரைக்குடியில் இருக்கும் உறவுதான் ஜாமீன். கோயிலும் கல்யாணமும் சேர்த்துக் கட்டிய நம்பிக்கை அது. லண்டனுக்கு அந்த நம்பிக்கையைக் கொண்டுபோயிருக்க முடியாது.

1937 பிப்ரவரி 10ஆம் தேதி இந்தியன் ஓவர்சீஸ் வங்கியை மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் தொடங்கியபோது, ஒரே நாளில் மூன்று இடங்களில் திறந்தார்: காரைக்குடி, சென்னை, ரங்கூன். இன்றைக்கு ஒரு நிர்வாகவியல் பேராசிரியர் பிராந்திய நிறுவனம் என்றால் என்ன என்று பாடம் எடுத்தால், இந்த மூன்று பெயரே போதும்.

அதில் எல்லாம் பெருமை என்றும் சொல்ல மாட்டேன். 1930களின் பெருமந்தத்தில் நெல் விலை விழுந்து, கடனைக் கட்ட முடியாத பர்மிய விவசாயிகளின் நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் கால்வாசி நிலம். அந்தக் கோபம் அங்கே தங்கிவிட்டது. 1942ல் ஜப்பான் படை பர்மாவுக்குள் வந்ததும் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஊருக்குத்தான் வந்தார்கள். நடந்தே வந்தவர்களும் உண்டு. பக்கத்து வீடு என்பதால் பத்திரம் என்று அர்த்தமில்லை.

தூரத்தைத் தாண்டுகிற சரக்கும் இருக்கிறது, அதுவும் நம் ஊரிலேயே. அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப் 1992லிருந்து கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்கிறது. நூறு நாடுகளுக்கு மேல் போகிறது. லென்ஸ் கைக்கு அடக்கம், எடை இல்லை, விமானத்தில் அனுப்பலாம். முக்கியமாக, கண்புரை எந்த நாட்டிலும் ஒரே கண்புரைதான். கடையில் சிரிக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே அங்கே எழாது. முருகன் இட்லிக் கடை மதுரையிலிருந்து கிளம்பிச் சென்னை போய், பிறகு சிங்கப்பூர் போனது. இட்லி, தின்கிற ஆள் இருக்கும் ஊருக்குத்தான் போகும். எங்கள் கேஸ்கெட் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. அது எந்த வண்டியில் மாட்டுமோ அந்த வண்டி ஓடும் ஊர்தான் அதன் ஊர்.

போன மாதம் அக்கா மகன் இலந்தைக்குளம் ஐ.டி. பூங்காவில் ஒரு நேர்காணலுக்குப் போவதாகச் சொன்னான். "பெரிய குளோபல் கம்பெனி சித்தி" என்றான். உட்கார வைத்து ஆண்டறிக்கையைத் திறந்து, அந்த அட்டவணை எங்கே இருக்கும் என்று காட்டினேன். விற்பனை எங்கிருந்து வருகிறது, தலைமை எங்கே உட்கார்ந்திருக்கிறது, நெருக்கடி வந்த 2008லும் 2020லும் முதலில் எந்த ஊர் அலுவலகங்களைக் குறைத்தார்கள். "அப்ப போகவேணாமா?" என்று கேட்டான். போகச் சொன்னேன். ஆனால் அந்தச் சம்பளத்தை நம்பி இருபது வருடத்துக்கு வீட்டுக் கடன் போடுவதற்கு முன்னால் இதைத் தெரிந்துகொள்ளட்டும்.

எங்கள் யூனிட்டில் அந்த வருடம் கஷ்டமாகத்தான் கழிந்தது. ஒரு ஷிப்டை நிறுத்தினோம். பிரஸ்ஸில் இருந்த அக்காமார் நான்கு பேரை வாரத்தில் மூன்று நாள் வரச் சொல்ல வேண்டியிருந்தது. அதை அவர்களிடம் சொன்னது நான்தான். ஒரு அக்கா கேட்டார், "நாங்க ஏதும் தப்பு பண்ணிட்டமாம்மா?" இல்லை என்பதைத் தவிர எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மதுரை விமான நிலையத்திலிருந்து பல வருடமாக நேராகப் பறக்க முடிந்த வெளிநாட்டு ஊர்கள் கொழும்பு, துபாய், சிங்கப்பூர். அந்த மூன்று பெயரையும் ஒரு தாளில் எழுதி அண்ணன் மேசையில் வைத்தேன். இலங்கையில் ஓடுவது பெரும்பாலும் நம் ஊர் ஆட்டோ. அசோக் லேலண்ட் பஸ்ஸும் நிறைய உண்டு. 2020ல் அந்த நாடு வாகன இறக்குமதியை நிறுத்திவைத்ததால் பழைய வண்டிகளையே பழுதுபார்த்து ஓட்டினார்கள். அப்படியென்றால் உதிரி பாகம் வேண்டும். அண்ணன் முதலில் நம்பவில்லை. "ரப்பர் விளையிற ஊருக்கே ரப்பரா? திருநெல்வேலிக்கே அல்வாங்கிற மாதிரில்ல இருக்கு." பிறகு ஃபோன் போட்டார். அந்தப் பக்கம் பேசியவர் தமிழில் பேசினார். பத்து நிமிடத்தில் வண்டி மாடல், அளவு, கடன் நாள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். ஐரோப்பாவோடு இதே விஷயங்களுக்கு எங்களுக்கு எட்டு மாதம் ஆனது.

அளவில் பெரிய ஆர்டர் இல்லை. பழைய கணக்கில் ஐந்தில் ஒரு பங்குகூட வராது. வாரத்தில் மூன்று நாள் வந்தவர்கள் இப்போது ஐந்து நாள் வருகிறார்கள். 2000 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கும் இந்திய-இலங்கை வணிக ஒப்பந்தத்தின்படி சுங்கச் சலுகை வேண்டுமானால், சரக்கு இங்கேதான் செய்யப்பட்டது என்று பிறப்பிடச் சான்றிதழ் வைக்க வேண்டும். முதல் சரக்குக்கு அதை நான்தான் நிரப்பினேன். பதினோரு வருடமாக எங்கள் பெட்டிகள் கொழும்பில் கப்பல் மாறிப் போயின. இந்த முறை "இறங்கும் துறைமுகம்" என்ற கட்டத்திலேயே கொழும்பு என்று எழுதினேன்.